கலிங்குக் கல்லுக்கு நானூறு மீட்டர்

1987 மே 11, திங்கள். மாலை 5.20

பஜார் முனையிலிருந்து பெரிய ஏரி வரை 1,840 மீட்டர். இந்தத் தூரத்துக்குள் மழைநீர்க் கால்வாயில் நேராக வந்து விழும் கக்கூஸ் குழாய்கள் 37. ஒன்று விடாமல் எண்ணியது நான்.

மழைநீர்க் கால்வாயாம். மழைநீர் இதில் வருடத்துக்கு இருபது நாள் ஓடினால் அதிகம். மிச்ச நாளெல்லாம் ஊரின் வயிறுதான் ஓடுகிறது. கோழி இறகு, எச்சில் இலை, அறுந்த செருப்பு, உப்பிப்போன ஒரு பன்றிக்குட்டி. முப்பத்தேழு வீட்டுக்காரர்களில் ஒருவருக்கும் வெட்கமில்லை. ஒருவர் தன் வீட்டுக் குழாயின் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைக் கேட்கிறார்: "புதுக் காவா எப்ப தம்பி வரும்? நாத்தம் தாங்கல."

மூன்றாம் ஆண்டு சிவில் முடித்ததும் இரண்டு மாதக் கோடைப் பயிற்சி. கள்ளக்குறிச்சிக்கு வடிகால் திட்டம் போடும் சென்னைக் கம்பெனி, சொந்த ஊர்க்காரன் என்று என்னை எடுத்துக்கொண்டது. சைட் இன்ஜினீயர் தங்கமணி சார். காண்டிராக்டர் பொன்னுரங்கம். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கூட வருபவர் வேடியப்பன், மலைக்காரர். முதல் நாளே தங்கமணி சார் கேட்டது: "எந்தக் கோட்டாப்பா நீ?" மார்க்கைக் கேட்கவில்லை. இந்த வருடம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் இதைத்தான் கேட்கிறார்கள்.

ரம்ஜான் நோன்பு வேறு. எச்சில் விழுங்கக்கூட அருவருப்பாக இருந்தது.

மே 13, புதன்

மழைக் கணக்கு வாங்கக் கல்வராயன் மலைக்குப் போனோம், நானும் வேடியப்பனும். கச்சிராயபாளையத்தில் இடஒதுக்கீடு கேட்டு ஊர்வலம். பஸ் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றது.

மேலே மழைமானியைப் பார்த்துக்கொள்பவர் பெயர் ராமசாமி. பதிவேட்டைத் திறந்தேன். இன்று தேதி 13. மே 31 வரை எழுதி முடித்திருந்தார்! எல்லா நாளும் பூஜ்யம்.

"இன்னாங்க இது?"

"மே மாசத்துல எங்க தம்பி மழை? தெனம் யாரு வந்து பாத்துக்கினு இருக்கறது."

நானே போய் மூடியைத் திறந்தேன். பாட்டிலில் பதினொரு மில்லிமீட்டர். முந்தாநாள் சாயங்காலம் பெய்ததாம். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வேடியப்பனிடம், "புள்ள நோன்பா? மூஞ்சி சுண்டிப்போச்சி பாரு" என்றார்.

இறங்கும் வழியெல்லாம் எனக்கு வாய் ஓயவில்லை. அளக்கத் தெரியாதவன் முட்டாள். அளக்காமல் எழுதுகிறவன் அயோக்கியன். வேடியப்பனிடம் இதை இரண்டு தடவை சொன்னேன்.

"செரிங்க தம்பி" என்றார், இரண்டு தடவையும்.

மே 16, சனி

மட்டம் எடுத்து முடித்தாயிற்று. தலை வெடிக்கிறது.

மட்டம் எடுப்பதற்கு உயரம் தெரிந்த ஓர் அடையாளத்தில் தொடங்க வேண்டும். பெஞ்ச் மார்க். எங்களுடையது சேலம் ரோட்டுச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் இருக்கிறது. ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஓர் அம்பு, பக்கத்தில் எண். சுவர் முழுக்க யாரோ வெள்ளையடித்து நீலத்தில் கோஷம் எழுதியிருக்கிறான்: 'சலுகை அல்ல, சதவீதம்!' அதற்கு மேலே பெஞ்ச் மார்க், புதுச் சிவப்பில் பளிச்சென்று. பரவாயில்லை, இதையாவது ஒழுங்காக வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். இந்த ஊரில் இந்த மாதம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம்.

காலை 7.10க்குத் தொடங்கினோம். ஏரிக்கரையில் கால்வாய் முடியும் இடத்துக்கு வரும்போது 12.40. அங்கிருந்து கலிங்குக்கு இன்னும் நானூறு மீட்டர். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் அந்தக் கலிங்கில் ஒரு பழைய கல் உண்டு. அதன் உயரத்தை அதிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அதில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். என் கணக்கும் கல்லின் எண்ணும் ஒத்துப்போனால் அன்றைய வேலை முழுவதும் சரி. ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ தப்பு.

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. நிழல் என்று பார்த்தால் ஒரே ஒரு கருவேல மரம்.

"கலிங்குக்குப் போவணுங்களா தம்பி?"

"வேணாம்."

மரத்தடியில் உட்கார்ந்து ஃபீல்டு புக்கில் எழுதினேன்: கலிங்குக் கல்லில் முடித்தது. வித்தியாசம் 6 மி.மீ. பூஜ்யம் என்று போட்டால் சந்தேகப்படுவார்கள். ஆறு என்றால் நம்புவார்கள்.

எல்லோரும் செய்வதுதானே இது? காலேஜில் சீனியர்கள் சொல்லிக் கொடுத்ததே இதுதான். ஐந்தரை மணி நேரம் ஒழுங்காக வேலை செய்தவன் கடைசி நானூறு மீட்டருக்காகச் சாக வேண்டுமா என்ன?

வேடியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நடக்காத தூரம் அவருக்குத் தெரியும்.

மே 19, செவ்வாய்

ஃபீல்டு புக்கைத் தங்கமணி சார் எல்லோருக்கும் காட்டினார். "பாருங்கய்யா, ஸ்டூடண்ட் எழுதினது. ஒரு அடித்தல் இல்ல."

கணக்குப் போட்டுப் பார்த்ததில், கால்வாய் கடந்து போகும் எங்கள் தெரு எதிர்பார்த்ததைவிடத் தாழ்வு. இப்படியே கட்டினால் ஏரி நிரம்பும்போது தண்ணீர் கால்வாய் வழியாகத் திரும்பி வரும். அதனால் கால்வாயின் அடிமட்டத்தையே உயர்த்தி வைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம். வியாழக்கிழமையே வேலை ஆரம்பம்.

சாயங்காலம் அத்தாவின் கடையில் தமிழழகன். கடையில் சுண்ணாம்பும் வர்ணமும் வாங்கும் சுவர் எழுத்துக்காரன், ரிஷிவந்தியத்துக்காரன், பள்ளியில் எனக்கு மூன்று வருடம் சீனியர். டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் பதிந்துவிட்டு ஐந்து வருடமாகக் காத்திருக்கிறான். அதற்குள் ஊரிலிருக்கும் சுவரையெல்லாம் இடஒதுக்கீடு கேட்கும் சங்கத்துக்காகக் கோஷமாக்கிவிட்டான்.

"இன்னா இன்ஜினீயர் பாய், காவாய்ல எறங்கிட்டியாமே? மூணு வருஷம் படிச்சி கடைசில அங்கதானா?"

"நீங்க சுவரை நாறடிக்கறதுக்கு இது மேல், அண்ணே."

"சுவருதான் பேசுது. மனுசன் பேசினா எவன் கேக்கறான்?" நீலம் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனான்.

மே 27, புதன்

செங்கல் சுவர் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"டேய் ஜுனைத்து, வாசப்படியவிடக் காவா ஒசரமா நிக்கிதே. தண்ணி எப்படிடா அதுல ஏறும்?"

"அளந்து போட்டிருக்கும்மா. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியலன்னா போவுது. தண்ணிக்குப் புரியணும்ல?"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். படிக்காதவர்களுடன் மட்டம் பற்றிப் பேசுவதைப்போல வேதனை வேறு இல்லை.

மே 30, சனி

நேற்றுப் பெருநாள். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கால்வாயைத் தாண்டிக் குதித்து வந்தார்கள். அடுத்த வீட்டு ஜன்னதுல் பிர்தௌஸ் அக்காவுக்கு ஏழு மாதம். பலகை போட்டுத்தான் வர முடிந்தது. "உங்க புள்ள கட்டின காவாய்க்குப் படி வெச்சாத்தான் தண்ணி மேல ஏறும் போல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். தெருவே சிரித்தது. பிரியாணி இறங்கவில்லை.

ஜூன் 5, வெள்ளி

640 மீட்டர் முடிந்தது. மிச்சம் 1,200.

ஜூன் 9, செவ்வாய்

மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு நிமிடம் பெய்தது. முப்பத்தெட்டே நிமிடம்தான்.

பஜார் தண்ணீர் மொத்தமும் புதுக் கால்வாயில் ஓடி வந்து, எங்கள் தெருவில் விளிம்புக்கு மேல் ஏறி, வாசற்படிகளுக்குள் கொட்டியது. தெருத் தண்ணீர் கால்வாய்க்குள் இறங்க வழியில்லை. பதினான்கு வீடுகள். எங்கள் சமையற்கட்டில் கணுக்கால் அளவு. மிதந்து வந்தது என்ன என்று எழுத மாட்டேன். முப்பத்தேழு குழாய்! நான் எண்ணிய அதே முப்பத்தேழு. அந்தத் தண்ணீர் அரிசி மூட்டைக்குக் கீழே போய்விட்டது. தங்கை பாயிஸாவின் ப்ளஸ் டூ புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. முறத்தால் அள்ளி அள்ளி அம்மாவின் கை ஊறி வெளுத்துப்போயிற்று. ஜன்னதுல் பிர்தௌஸ் அக்கா வழுக்கி விழப் பார்த்தார்; பாயிஸா பிடித்துக்கொண்டாள். வுட்டிருந்தா? இன்னா ஆயிருக்கும்?

அம்மா முறத்தைக் கழுவிக் கவிழ்த்தார். திட்டியிருக்கலாம்.

தங்கமணி சார் வந்து பார்த்தார், மூக்கில் கைக்குட்டையோடு. "ஏரி வரைக்கும் முடிஞ்சா சரியாயிடும்" என்றார்.

சரியாகுமா? எந்தக் கணக்கில்?

மூன்று முறை குளித்தேன். நாற்றம் போகவில்லை.

ஜூன் 10, புதன்

வேடியப்பனைக் கூட்டிக்கொண்டு கலிங்குக்குப் போனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானூறு மீட்டர். ஆறு நிமிட நடை. ஆறே நிமிடம்.

கல் இருந்தது. எண்ணும் இருந்தது. அங்கிருந்து கால்வாய் முடியும் இடத்துக்கு மட்டம் கொண்டுவந்தேன். என் கணக்குக்கும் கல்லுக்கும் வித்தியாசம் 34 சென்டிமீட்டர். மில்லிமீட்டர் அல்ல.

தெரு தாழ்வாக இல்லை. என் கணக்குத்தான் தாழ்வு. தேவையே இல்லாமல் கால்வாயை 34 சென்டிமீட்டர் தூக்கி வைத்திருக்கிறேன்.

அப்படியே சிறுபாலத்துக்குப் போனேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, கோஷத்தின் 'ச' எழுத்து இருக்கும் இடத்தில், நாலணாக் காசால் சுண்ணாம்பைச் சுரண்டினேன். உளியால் வெட்டிய பழைய கோடு. டேப் பிடித்தார் வேடியப்பன். 34.

அடையாளத்தையே யாரோ மேலே நகர்த்தி எழுதியிருக்கிறான். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை எழுதிவிட வேண்டும். தப்பு என்னுடையது இல்லை என்று ஒரு சந்தோஷம்! ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

கல்லுக்குப் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஜூன் 11, வியாழன்

தமிழழகன் எங்கள் தெருவில் நின்று சுண்ணாம்புத் தூளை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். யாரும் கூப்பிடவில்லை. நாற்றம் கேள்விப்பட்டு அவனே வந்தானாம். மீசையெல்லாம் வெள்ளை.

"அண்ணே, சேலம் ரோட்டுப் பாலத்துச் சுவரு நீங்க எழுதினதா?"

"ஆமா. எப்படிக் கீது?"

"அதுல ஒரு அம்பு, நம்பரு..."

"அட, அதப் பாத்தியா!" அவன் முகத்தில் ஒரு பெருமை. "அது சர்க்கார் எழுத்து பாய். மேல வெள்ள அடிச்சா அழிஞ்சிடுது. அழிச்சா கேஸு. அதான் நம்ம கோஷத்த எழுதி முடிச்சிட்டு, அதுக்கு மேல அதே கோடு, அதே அம்பு, ஒரு புள்ளி மாறாம எழுதிட்டேன். சொந்தக் காசுல வாங்கின செகப்பு."

"ஏன் மேல எழுதினீங்க? இருந்த எடத்துலயே எழுதலாம்ல?"

"நம்ம எழுத்துக்குக் கீழ சர்க்கார் எழுத்து இருந்தா மரியாதயா இருக்குமா? நம்ம சண்ட சர்க்காரோட. அம்போட இன்னா சண்ட?" சிரித்தான். "ஏன், அழகா இல்லியா?"

"அழகாத்தான் இருக்கு."

அம்மா அவனுக்கு டீ கொடுத்தார். நின்றுகொண்டே குடித்துவிட்டு மறுபடியும் தூள் இறைக்கப் போனான். 34 பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை.

ஜூன் 13, சனி

தங்கமணி சார் கூப்பிட்டனுப்பினார். 34 பற்றி நேற்றே சொல்லியிருந்தேன். சுவரைப் பற்றியும், எழுதியது யார் என்பதையும். ஆறு மில்லிமீட்டர் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பொன்னுரங்கம் வெற்றிலை மென்றுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் என் ஃபீல்டு புக்.

"நீ கலிங்குக்குப் போகலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்பா" என்றார் சார். கோபமே இல்லை. "வெயில் என்ன, நோன்பு என்ன! உன் வயசுல நானும் போனதில்ல. நானா இருந்தா நாலுன்னு போட்டிருப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனோ? சிரித்தேன்.

"ஒரு பக்கம்தானே? புதுசா எழுதிக் குடு. கல் மண்ணுல புதைஞ்சிருந்தது, கண்டுபிடிக்க முடியலைன்னு. மிச்சத்த அந்தப் பெயிண்டர் பையன் பாத்துப்பான். கிளர்ச்சிக்காரன், அரசாங்க அடையாளத்த வேணும்னே அழிச்சான். அவ்வளவுதான்."

"கம்ப்ளெயின்ட் எழுதி வெச்சிருக்கேன் தம்பி" என்றார் பொன்னுரங்கம். "சர்வே பண்ணினவன்னு நீ கையெழுத்துப் போட்டாப் போதும். உங்க தெருவுலதான தண்ணி பூந்துச்சி? உங்க ஆளுங்களுக்கும் திட்டறதுக்கு ஒருத்தன் வேணும்ல?"

அவர் துப்பிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, அதே கால்வாயில்.

"படிப்பு முடிஞ்சதும் நம்ம கம்பெனிலயே சேந்துக்க" என்று சார் என் தோளைத் தட்டினார். தட்டிய இடம் இன்னும் பிசுபிசுவென்று இருக்கிறது.

கேஸ் விழுந்தால் தமிழழகனுக்கு டிராயிங் மாஸ்டர் வேலை இந்த ஜென்மத்தில் கிடையாது. இது மூன்று பேருக்கும் தெரியும்.

ஜூன் 14, ஞாயிறு

அத்தாவிடம் சொன்னேன். கடையின் கல்லாவுக்குப் பின்னால் சில்லறையை எண்ணி அடுக்கினார். பிறகு சொன்னார்: "போட்டுடு. அவன் நாலு நாள்ல வெளிய வந்துடுவான். உனுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு கீது."

"அஞ்சு வருஷமா நம்ம கடைல சுண்ணாம்பு வாங்கறவன் அத்தா."

"அதுக்கு?" தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். நிமிரவில்லை.

பாயிஸா புத்தகங்களை வெயிலில் விரித்துப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அண்ணே, அந்த ஆறு எங்கேருந்து வந்துச்சி?"

"எந்த ஆறு?"

"ஆறு மில்லிமீட்டரு."

"வெயில்லேர்ந்து வந்துச்சி, போடி."

"நோன்பு வெச்சிக்கினு எழுதினியா?"

ஓங்கின கையை இறக்கிட்டேன். அவள் இன்னா தப்பா கேட்டுட்டா?

ஜூன் 15, திங்கள்

கம்ப்ளெயின்ட்டை நீட்டினார்கள். பேனாவில் மை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மை இருந்தது. த்தூ.

ஜூன் 16, செவ்வாய்

இரண்டு பக்கம் எழுதினேன். பெஞ்ச் மார்க் எப்படி நகர்ந்தது, ஏன் நகர்ந்தது, அதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது. கலிங்குக் கல்லில் முடித்திருந்தால் அரை மணி நேரத்தில் தப்புத் தெரிந்திருக்கும் என்பது. நான் அங்கே போகவில்லை, போனதாகப் பொய்யாக எழுதினேன் என்பது. மிச்சமிருக்கும் 1,200 மீட்டரை இதே மட்டத்தில் கட்டினால் பதினான்கு வீடுகளும் ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான் என்பது.

கம்பெனிக்கு இந்த வேலையைக் கொடுத்த டவுன் பஞ்சாயத்து ஆபீஸில் தபால் வாங்குகிற அம்சவள்ளி மேடத்திடம் நீட்டினேன். படிக்காமலே கேட்டார்: "நகல் எங்க?"

"நகலா?"

"நகல் இல்லாம எப்படி முத்திர குத்தறது? ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு உனக்கு. ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும். அதோ பெஞ்சு."

கார்பன் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து முழுவதையும் இன்னொரு முறை கையால் எழுதினேன். பொய் எழுத அன்றைக்கு ஒரு வரி போதும் என்றிருந்தது. 'நான் போகவில்லை' என்று இரண்டாவது முறை எழுதும்போது எழுத்து கோணவில்லை.

மேடம் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இந்த ஜுனைத்துங்கறது யாரு?"

"நான்தாங்க."

"தெரிஞ்சிதான் எழுதினியா?"

"தெரிஞ்சிதான்."

முத்திரையை மையில் அழுத்தி இரண்டிலும் குத்தினார். பெறப்பட்டது, 11.35. "காஞ்சதும் மடி. இப்பவே மடிச்சா தேதி ஈஷிக்கும்."

ஜூன் 17, புதன்

பயிற்சி முடிந்தது. முடிக்கப்பட்டது. சான்றிதழ் கிடையாது. தங்கமணி சார் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "நல்லா வரவேண்டிய பையன்." இப்போதும் கோபமில்லை. அதுதான் குமட்டுகிறது. பொன்னுரங்கம் கம்ப்ளெயின்ட்டைக் கொடுக்கத்தான் போகிறேன் என்று பஜாரில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். கொடுக்கட்டும்.

மறு அளவு எடுக்கும்வரை வேலையை நிறுத்தச் சொல்லி டவுன் ஆபீஸிலிருந்து மத்தியானம் தாள் வந்துவிட்டது. தெருமுனையில் இறக்கிய செங்கல்லைத் திரும்ப லாரியில் ஏற்றுகிறார்கள். அத்தா என்னோடு பேசவில்லை. அம்மா சோறு போட்டார், கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

சாயங்காலம் வேடியப்பன் கடைக்கு வந்தார். கம்பெனி ஆள் அவர். நான் இப்போது யாருமில்லை. வாசலிலேயே நின்றார்.

"நாளைக்கி எத்தினி மணிக்கிங்க தம்பி?"

செய்ய வேண்டியவை:

1. காலை 6.30, கலிங்கு. வேடியப்பன் வருகிறார். கம்பெனிக் கருவி இல்லை; கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் டியூப் போதும். மெதுவாக ஆகும். ஆகட்டும். கல்லிலிருந்து எங்கள் தெரு வரை, பிறகு தெருவிலிருந்து கல் வரை.

2. பதினான்கு வாசலிலும் கால்வாய் எவ்வளவு இறங்க வேண்டும் என்று குறிப்பது. உளியால்.

3. வீடு வீடாகப் போய்த் தப்பு யாருடையது என்று சொல்வது. முதலில் ஜன்னதுல் பிர்தௌஸ் அக்கா. கடைசியில் அம்மா.

4. கல்லூரிக்குக் கடிதம். பயிற்சி பாதியில் நின்ற காரணம் என்ற இடத்தில், காரணத்தையே எழுதுவது.

5. தமிழழகன். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கம்ப்ளெயின்ட் போவதற்கு முன், முத்திரை விழுந்த நகல் அவன் கையில் இருக்க வேண்டும். ரிஷிவந்தியத்துக்கு முதல் பஸ் 5.15. அதில் போனால் 6.30க்குக் கலிங்கில் இருக்க முடியாது. வேடியப்பன் காத்திருப்பார். ஐந்தாவதுக்குப் பிறகுதான் ஒன்றாவது.